காரைக்குடிப் பக்கம் கள ஆய்வுக்குப் போகிறீர்களா?

சமூகப்பணி படிப்பவர்கள் பன்முகத்தன்மை என்று தலைப்பு வைத்துவிட்டு சாதிக்கு ஒரு அத்தியாயம், பெண்களுக்கு ஒன்று, மாற்றுத்திறனாளிகளுக்கு ஒன்று என்று பிரித்து எழுதிவிடுகிறார்கள். இன்டர்செக்‌ஷனாலிட்டி அதில் வராது, அதாவது சாதி, பாலினம், மாற்றுத்திறன் எல்லாம் ஒரே ஆளிடம் சேரும்போது வரும் தனிப் பாதிப்பு தெரியாது. 1989இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா அதை விளக்க எடுத்த வழக்குகளில் ஒன்று ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனத்தின் மீதான வழக்கு: கறுப்பினப் பெண்கள் கொடுத்த புகாரில் இனத்தையும் பாலினத்தையும் சேர்த்துப் பார்க்க நீதிமன்றம் மறுத்துவிட்டது.

சரி, நம்மூரில்? கேள்வியைச் சின்னதாக்குங்கள். பெரிய வீடுகளில் சமையல், துப்புரவு பார்க்கும் பெண்களுக்கு ஓய்வூதியம் கிடைக்கிறதா என்று வைத்துக்கொள்வோம். மத்திய அரசுத் திட்டத்தில் விதவை ஓய்வூதியத்துக்கு 40 வயது ஆகியிருக்க வேண்டும், மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு 80 சதவீத பாதிப்பு வேண்டும். 35 வயதில் கணவரை இழந்த, 60 சதவீதம் கால் பாதித்த பெண்ணுக்கு இரண்டுமே இல்லை. மாநிலத் திட்டங்களின் விதி வேறு, அதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

பேட்டியை முதலாளி வீட்டு வளவில் உட்கார்ந்து எடுக்காதீர்கள், வீட்டுக்கார ஆச்சி காதில் விழும் என்றால் யார் வாய் திறப்பார்கள்? "சாதியால் பிரச்சினையா?" என்று நேராகக் கேட்டாலும் "அதெல்லாம் இல்லைங்க" என்றுதான் வரும். கடைசியாக மனு கொடுக்கப் போனபோது யார் கூட வந்தார்கள், எங்கே நிற்க வைத்தார்கள், அன்றைய கூலி என்ன ஆனது என்று கேளுங்கள்.

அப்புறம், அறிக்கை எழுதும்போது பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறைக்குப் போகும், கால் பாதித்த, கணவரை இழந்த பெண் என்று எழுதினாலே ஊரில் ஆள் தெரிந்துவிடும். ஊரையும் தொழிலையும் மாற்றி எழுதுங்கள், அவரிடம் ஒருமுறை வாசித்தும் காட்டுங்கள்.