ஆஸ்பத்திரி விளையாட்டுக்குள் நல்ல சமாரியன்: பாலர் வகுப்புக்கு ஒரு வாரச் செய்முறை

வேலூரில் நாலு வயசுப் பிள்ளைகளைச் சும்மா விட்டால் பத்து நிமிஷத்தில் வகுப்பில் ஒரு ஆஸ்பத்திரி முளைத்துவிடும். டோக்கன் கொடுக்க ஒருத்தி, ஊசி போட மூன்று பேர். நோயாளியாகப் படுக்கத்தான் ஆள் கிடைக்காது. அந்த விளையாட்டைக் கலைக்காமல் பைபிளில் லூக்கா 10-ம் அதிகாரத்துக் கதையை அதற்குள் கொண்டுவரும் முறை இது. கள்ளர் அடித்துப்போட்ட ஒருவரை ஆசாரியன் (கோயில் குரு) கண்டும் காணாமல் போக, வேற்று இனத்துச் சமாரியன் காயம் கட்டி, தன் கழுதையில் ஏற்றி, சத்திரத்தில் சேர்த்து, பார்த்துக்கொள்ளப் பணமும் கொடுக்கிற கதை. மூன்றரை முதல் ஐந்து வயதுவரை, 20 பிள்ளைகளுக்கான கணக்கு.

திங்கள், செவ்வாய்: பார்ப்பது மட்டும்

ஒரு நோட்டில் அவர்கள் பேச்சை அப்படியே எழுதுங்கள். "இன்னா ஆச்சு?", "டோக்கன் எங்க?", "அம்மாவ வெளிய நிக்கச் சொல்லு." வியாழக்கிழமை கதை சொல்ல உங்களுக்கு வேண்டிய சொற்கள் இவைதான்.

புதன்: மூலை

ஆறடிக்கு ஆறடி போதும். கட்டில் ஒன்றே ஒன்று. பெஞ்சின்மேல் பாய் விரித்தால் சரி. இரண்டு போட்டால் ஆளுக்கொன்றில் படுத்து, ஆட்டம் அதோடு முடிந்துவிடும். ஒன்று என்றால் வரிசை வரும், "யாருக்கு ரொம்ப வலிக்குது" என்ற பஞ்சாயத்து வரும். (சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் இந்த ஊரில் ஆரம்பித்ததும் ஒற்றைக் கட்டில் வைத்தியசாலைதான்.) வாசலில் துணி மாட்டும் கிளிப் நான்கு தொங்கட்டும். கிளிப்பைச் சட்டையில் மாட்டியவர் உள்ளே, மற்றவர் காத்திருக்க வேண்டும். கூட்டத்தை நீங்கள் விரட்ட வேண்டியதில்லை.

கட்டுப்போட, கடையில் விற்கும் காஸ் (gauze) துணி வேண்டாம். நூல் பிரிந்து விரலைச் சுற்றும். பழைய பருத்தி வேட்டியை 5 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளத்தில் கிழித்து, ஓரம் மடித்துத் தையுங்கள். இந்த நீளம் முக்கியம். சின்னக் கையில் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் வரும், கழுத்தில் முடிச்சுப் போட எட்டாது. முனையில் வெல்க்ரோ தைத்துவிட்டால் "மிஸ், கட்டிவிடுங்க" என்று உங்களிடம் ஓடிவர மாட்டார்கள்.

சிரிஞ்சு புதிதாக, ஊசி இல்லாமல், 20 மி.லி. அளவில் வாங்குங்கள். சின்ன சிரிஞ்சில் உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் கழன்று வாய்க்குப் போகும். ஆஸ்பத்திரியில் பயன்படுத்தியதை யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் சுலபமாகக் கிடைக்கும் தோல் துண்டும் வேண்டாம். குரோமியத்தில் பதனிட்டது, பிள்ளைகள் கடிப்பார்கள். சத்திரத்தானுக்குக் கொடுக்கும் இரண்டு பணத்துக்கு 6 செ.மீ. அட்டை வட்டம், சோடா மூடி வேண்டாம். பிளாஸ்டிக் டாக்டர் செட்டுக்குச் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து.

வியாழன்: கதை

ஐந்து நிமிடம். ஒரு பழுப்புத் துணி, மூன்று பொம்மை. எருசலேமிலிருந்து எரிகோ ஏறக்குறைய 27 கி.மீ., ஒரே இறக்கம். "இங்கேயிருந்து ஆற்காடு போற தூரம், ஆனா மலை வழி" என்றால் பிடித்துக்கொள்வார்கள். கதையைக் கள்ளரிடமிருந்து தொடங்கினால் அடிதடிதான் மிஞ்சும். அடிபட்டவர் வழியில் கிடப்பதிலிருந்து தொடங்குங்கள்.

வேதாகமச் சொற்கள் இங்கே காலை வாரும். "ஆசாரியன்" என்றால் தச்சு ஆசாரி என்று நினைப்பார்கள்; "ஆலயத்துல வேலை செய்யறவர்" போதும். "சத்திரம்" என்றால் கல்யாண சத்திரம். காயம்பட்டவரை ஏன் பந்திக்குக் கூட்டிப்போகிறார் என்று குழம்புவார்கள். ஆஸ்பத்திரிக்கு எதிரே வெளியூர்க்காரர்கள் தங்கும் "லாட்ஜ்" என்று சொல்லுங்கள். "இவனை விசாரித்துக்கொள்" போலீஸ் விசாரணை ஆகிவிடும், "பாத்துக்கோ."

பணம் கொடுத்த இடத்தில் நிறுத்துங்கள். "அதனால நாமும்" என்று ஆரம்பிக்காதீர்கள். துணியையும் அட்டைப் பணத்தையும் பேசாமல் மூலையில் வையுங்கள்.

வெள்ளி: பெரும்பாலும் கெடுகிற இடம்

யாரோ ஒருவன் கழுதையை விட்டுவிட்டு "108 வருது, வழி விடு!" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவான். "கழுதைடா, ஆம்புலன்ஸ் இல்ல" என்று திருத்தினீர்களானால் ஆட்டம் அங்கேயே படுத்துவிடும். அதற்குப் பிறகு உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் நடிப்பார்கள். கதையைத் தங்கள் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பதற்கு அந்த 108-தான் அடையாளம். வேடம் பிரித்துக் கொடுப்பதும் இதே தப்பு. பேசியே ஆகவேண்டுமென்றால் ஒரு கேள்வி: "இவரை யாரு பாத்துக்கப் போறாங்க?" பதில் வராவிட்டால் நகர்ந்துவிடுங்கள்.

நோயாளிக்கு ஒரு பிள்ளை தானாக ஜெபம் பண்ணினால் பண்ணட்டும். மற்றவர்களையும் கண்ணை மூடச் சொல்லாதீர்கள். வகுப்பில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பிற்சேர்க்கை: "எழுத்து எப்போ சொல்லித்தருவீங்க?" என்று பெற்றோர் கேட்பது உறுதி. டோக்கனில் 1 முதல் 10 வரை எழுதி, மருந்துச் சீட்டுக்கு ஒரு பென்சில் வைத்து, கிறுக்கிய சீட்டுகளைத் தேதி போட்டுச் சேர்த்து வைத்துக் காட்டுங்கள்.

துணிப்பட்டைகளை வெள்ளி மாலை சோப்புப் போட்டு அலசுங்கள். வேலூர் வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.