காட்டுப்பன்றிக்குச் சோலார் வேலி: எர்த்தில் கோட்டை விடாமல் கட்டுவது எப்படி

மெஷின் ‘டிக் டிக்’ என்று ஒழுங்காக அடிக்கிறது. விளக்கும் மின்னுகிறது. ஆனாலும் விடிந்து போய்ப் பார்த்தால் கிழங்குப் பாத்தி உழுதுபோட்ட மாதிரி கிடக்கிறது. சோலார் வேலி போட்டவர்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். மெஷினை மாற்றுவார்கள், கம்பியை மாற்றுவார்கள். கோளாறு மண்ணுக்குள் இருக்கும்.

இரவில் இறங்கும் காட்டுப்பன்றிக்கு, சுமார் 400 மீட்டர் சுற்றளவுள்ள தோட்டத்துக்கு, இரண்டு கம்பி வேலி கட்டும் முறை இது. கால் நடுவது, கம்பி இழுத்து முறுக்குவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஒன்று

வீட்டு மின்சாரத்தையோ இன்வெர்ட்டரையோ நேராகக் கம்பியில் கொடுக்கவே கூடாது. அது ஆளைக் கொல்லும். நிற்காமல் பாயும் கரண்ட் தசையை இறுக்கிவிடும், பிடித்த கையை எடுக்க முடியாது. வேலிக்கென்று செய்த எனர்ஜைசர் ஒரு நொடிக்கு ஒரு முறைதான், அதுவும் கண்ணிமைப்பதைவிடக் குறைந்த நேரம், துடிப்பாகக் கொடுக்கிறது. நடுவில் இருக்கும் இடைவெளியில் தொட்டவர் விலகிவிடலாம். இந்த மெஷின்களுக்கான உலகத் தரம் ஐஇசி 60335-2-76. அதன்படி, சோதனைக்கு வைக்கும் 500 ஓம் மின்தடையில் ஒரு துடிப்பின் ஆற்றல் 5 ஜூலுக்கு மேல் போகக் கூடாது. வாங்கும் மெஷினில் இந்தத் தர எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளூரில் யாரோ கட்டிக் கொடுத்த பெட்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். மின்வேலிக்கு முன் அனுமதி கேட்கும் ஊர்களும் உண்டு, விசாரித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

1. வருவது பன்றிதானா?

மண்ணை மூக்கால் புரட்டி வரிசையாகக் கிளறியிருந்தால் பன்றி. ஈர மண்ணில் பிளந்த குளம்புத் தடமும், அதற்குப் பின்னால் இரு பக்கமும் சற்று அகன்று இரண்டு சின்னப் புள்ளிகளும் விழுந்திருக்கும். தண்டின் அடியில் பட்டை உளியால் செதுக்கியது போல் பல்தடத்தோடு இருந்தால் முள்ளம்பன்றி. இளங்குருத்து கத்தியால் சாய்வாக வெட்டியது போல் இருந்தால் முயல். நார்நாராகப் பிய்ந்திருந்தால் மான், அதற்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழே சொல்லும் உயரங்கள் பன்றிக்கு மட்டும்தான். மானுக்கு இந்த வேலி ஒரு தாண்டல்.

2. வாங்க வேண்டியவை

எனர்ஜைசர்: 12 வோல்ட், 1 ஜூல் அளவு. பெட்டியில் ‘10 கிலோமீட்டர்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். புல் படாத ஒற்றைக் கம்பிக்குச் சொன்ன கணக்கு அது. ஜூலைப் பாருங்கள்.

கம்பி: 2.5 மி.மீ. ஹைடென்சைல் ஜி.ஐ. கம்பி, அதாவது நன்றாக இழுத்தாலும் தாங்கும், துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி. ஒரு கிலோவுக்குச் சுமார் 26 மீட்டர் வரும். 800 மீட்டருக்கு 31 கிலோ, இணைப்புகளுக்கும் சேர்த்து 33 கிலோவாக எடுங்கள். பிளாஸ்டிக் நூலோடு பின்னிய பாலிவயர் ஒரு பருவத்துக்குத் தற்காலிகமாகக் கட்டினால் சரி. நிரந்தர வேலிக்கு எனக்கு அது பிடிக்காது. முடிச்சில் உள்ளிழைகள் ஒவ்வொன்றாகக் கருகிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

முள்கம்பிக்கு எந்தக் காரணத்தாலும் ஷாக் கொடுக்கக் கூடாது. மாட்டிக்கொண்டவர் விலக முடியாது.

கால்: 5 மீட்டருக்கு ஒன்று, 80 கால். மேடுபள்ளத்தில் கூடுதலாக வேண்டும், இல்லையென்றால் பள்ளத்தில் கம்பிக்குக் கீழே சந்து விழும்.

இன்சுலேட்டர்: 160, மூலைகளுக்குத் தனியாகக் கனமானவை. ஹோஸ் துண்டு, டயர்ப் பட்டை, குழாய் வெட்டு எல்லாம் வெயிலில் வெடித்து, முதல் மழையிலேயே கரண்டைக் காலில் இறக்கிவிடும்.

லெட்-அவுட் கேபிள்: 20,000 வோல்ட் தாங்கும் என்று எழுதியிருப்பது. மெஷினிலிருந்து வேலிக்கும், கேட்டுக்கு அடியிலும் இதுதான். வீட்டு ஒயருக்குத் தாங்கும் திறன் 1,100 வோல்ட் அளவுதான், வேலியில் ஓடுவதோ 5,000 முதல் 8,000. மண்ணுக்குள் கசிந்துகொண்டே இருக்கும், கண்ணில் படாது.

இவற்றோடு எர்த் ராடு 3, கிளாம்ப், மின்னல் தடுப்பான், டிஜிட்டல் வோல்ட் மீட்டர். மீட்டரில் சிக்கனம் பார்க்காதீர்கள். விளக்கு எரியும் டெஸ்டர் ‘வருகிறது’ என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. கரண்ட் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அம்புக்குறி காட்டும் மீட்டர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பழுது தேடும் நேரம் பாதியாகும்.

3. எர்த்

மெஷினிலிருந்து கிளம்பும் துடிப்பு கம்பி வழியாகப் பன்றியின் மூக்குக்கு வந்து, உடல் வழியாகக் காலுக்கு இறங்கி, மண் வழியாக எர்த் ராடுக்குத் திரும்பி மெஷினில் சேர வேண்டும். வட்டம் முழுமையானால்தான் ஷாக். வேலியில் பாதி கண்ணுக்குத் தெரியும் கம்பி, மறுபாதி மண்.

1.8 மீட்டர் நீள ஜி.ஐ. ராடு மூன்று எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 3 மீட்டர் இடைவெளி விட்டு முழு ஆழத்துக்கு அடியுங்கள். ஒரு கையகலம் மட்டும் வெளியே தெரியட்டும். மூன்றையும் ஒரே குழியில் பக்கத்தில் பக்கத்தில் இறக்கினால் மூன்றும் ஒரே மண்ணைத்தான் பயன்படுத்தும், ஒரு ராடு அடித்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

இடம்: எப்போதும் ஈரம் நிற்கும் இடம். வாய்க்கால் ஓரம், தொட்டி வழியும் பக்கம். வீட்டு எர்த்திலிருந்தும் மோட்டார் எர்த்திலிருந்தும் குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றின் இரும்புக் குழாயையே எர்த்தாகக் கட்டிவிடும் பழக்கம் ஆபத்து. தண்ணீர்க் குழாயைத் தொடும்போதெல்லாம் சுள்ளென்று அடிக்கும்.

மூன்று ராடையும் ஒரே தொடர் ஜி.ஐ. கம்பியால், கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கையால் முறுக்கி விடுவது போதாது. செப்புக் கம்பியும் வேண்டாம். செம்பும் துத்தநாகமும் ஈரத்தில் சேர்ந்தால் இணைப்பு அரித்துப்போகும். உப்புக் கொட்டுவதும் அதே கதைதான், கொஞ்ச நாள் நன்றாக வேலை செய்யும், பிறகு ராடையே தின்றுவிடும். ஈரம் நிற்காத மண்ணில் ராடைச் சுற்றி பெண்டோனைட் களிமண்ணைக் கரைத்து ஊற்றுங்கள், அல்லது இன்னொரு ராடு அடியுங்கள்.

4. எர்த் சோதனை: தவறவிடக் கூடாத படி

மீட்டரை எர்த் ராடில் வைத்துப் பார்த்து ‘சுழியம் காட்டுகிறது, எர்த் அருமை’ என்று முடித்துக்கொள்கிறார்கள். வேலியை எதுவும் தொடாதபோது மண் வழியாகக் கரண்டே ஓடாது. ஓடாதபோது மோசமான எர்த்தும் சுழியம்தான் காட்டும். வேலியை வேண்டுமென்றே ஷார்ட் ஆக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

மெஷினை அணையுங்கள். அங்கிருந்து 100 மீட்டராவது தள்ளிப் போய், இரண்டு மூன்று கடப்பாரைகளை ஈர மண்ணில் ஓரடி ஆழம் குத்தி, கம்பியில் சாய்த்து வையுங்கள். மெஷினைப் போட்டு வேலியில் வோல்ட் பாருங்கள். 2,000-க்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் இன்னும் ஓர் இரும்பைச் சாயுங்கள், அதையும் மெஷினை அணைத்துவிட்டு.

இப்போது கடைசி எர்த் ராடுக்கு வாருங்கள். மீட்டரின் ஒரு முனையை ராடில் வையுங்கள். இன்னொரு முனையை ஒரு மீட்டர் தள்ளி மண்ணில் குத்திய சின்ன ஆணியில் வையுங்கள். 200 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 300 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் காட்டினால் எர்த் போதவில்லை. 3 மீட்டர் தள்ளி நான்காவது ராடு, தேவைப்பட்டால் ஐந்தாவது. திரும்பவும் அளங்கள். மண் நன்றாகக் காய்ந்திருக்கும் மாதத்தில் இந்தச் சோதனையை இன்னொரு முறை செய்தே ஆக வேண்டும். மழைக்காலத்து எண்ணை வைத்து ஆண்டு முழுக்க நம்ப முடியாது.

5. கம்பி

தரையிலிருந்து கீழ்க்கம்பி 20 செ.மீ., மேல்கம்பி 45 செ.மீ. பன்றியின் ஈர மூக்கு படும் உயரம் இவை. முதுகில் பட்டால் பயனில்லை. தடித்த மயிரும் சேறும் ஷாக்கை உள்ளே விடாது, முட்டித் தள்ளிக்கொண்டு முன்னால்தான் பாயும்.

கீழ்க்கம்பியை இதைவிடத் தாழ்த்தச் சொல்பவர்கள் உண்டு. எறும்புத்தின்னியும் ஆமையும் தாழ்ந்த கம்பியில்தான் மாட்டிச் சாகின்றன. எறும்புத்தின்னி ஷாக் பட்டதும் ஓடாமல் கம்பியைச் சுற்றியே சுருண்டுகொள்ளும். தேவையில்லாமல் தாழ்த்த வேண்டாம்.

கேட்டில் கைப்பிடியைக் கழற்றினால் தொங்கும் கம்பி செத்த கம்பியாக இருக்கும்படி இணையுங்கள். அதாவது உயிர்க் கம்பி இருக்கும் பக்கத்துக் காலில்தான் கைப்பிடியின் கொக்கி மாட்ட வேண்டும், கேட் கம்பியின் மறுமுனையை எதிர்ப்பக்க வேலிக் கம்பியோடு இணைக்காமல் இன்சுலேட்டரில் மட்டும் கட்ட வேண்டும். எதிர்ப்பக்க வேலிக்குக் கரண்ட், அடியில் குழாய்க்குள் போகும் கேபிள் வழியாகப் போகும். குழாயின் இரு வாயையும் கீழ்நோக்கி வளைத்துவிட்டால் தண்ணீர் இறங்காது.

மேலே மின்வாரியக் கம்பி போனால் அதன் கீழே இணையாக வேலி ஓடக் கூடாது, செங்குத்தாகக் கடக்கலாம். பக்கத்துத் தோட்டத்தில் வேறு மெஷினில் ஓடும் வேலி இருந்தால் இரண்டுக்கும் நடுவே 2.5 மீட்டர் இடைவெளி வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் தொட்டால் துடிப்புகளுக்கு இடையே இருக்க வேண்டிய இடைவெளி போய்விடும். ஆள் நடமாடும் பக்கமெல்லாம் 10 × 20 செ.மீ. மஞ்சள் எச்சரிக்கைப் பலகை தொங்கவிடுங்கள்.

6. பேட்டரி, பேனல்

மெஷின் சராசரியாக 0.2 ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 5 ஆம்பியர்-மணி. வெயிலே இல்லாத ஐந்து நாளுக்கு 25. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, ஆகவே 50 ஆம்பியர்-மணி. கார் பேட்டரி வேண்டாம், அதன் மெல்லிய தகடு அடிக்கடி இறங்கி ஏறுவதைத் தாங்காது. நாளுக்கு 60 வாட்-மணி தேவை. நான்கு மணி நேர முழு வெயிலுக்கு 15 வாட் பேனல் கணக்கில் போதும், ஆனால் மூட்டமான நாட்களில் இறங்கியதை ஈடுகட்ட 30 வாட் போடுங்கள்.

7. பன்றிக்கு வேலியை அறிமுகப்படுத்துவது

பலர் நினைத்துக்கூடப் பார்க்காத படி இது. பன்றி ஓடி வந்து மோதக் கூடாது. நின்று, முகர்ந்து, மூக்கில் வாங்க வேண்டும். வேலிக்கு வெளியே ஒரு மீட்டர் அகலத்துக்குப் புதரை வெட்டித் தரையைத் தெரியவிடுங்கள். கம்பியில் பத்தடிக்கு ஒன்றாக வெளிர் நிற நாடா கட்டுங்கள். விளைச்சல் முற்றுவதற்கு முன்பே வேலி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ருசி கண்ட பன்றி இரண்டு ஷாக்கைப் பொறுத்துக்கொண்டும் நுழையும்.

முதல் சில வாரம் பகலிலும் அணைக்காதீர்கள். முதல் நாள் மாலை போடுவதற்கு முன் உள்ளே எதுவும் படுத்திருக்கிறதா என்று சுற்றி வந்து பாருங்கள். உள்ளே மாட்டிய பன்றி வெளியேறும்போது வேலியைக் கிழித்துக்கொண்டுதான் போகும்.

பின்சேர்க்கை 1: ‘எர்த் சோதனை சரி, ஆனாலும் பன்றி நுழைகிறது’

மேல்மண் காய்ந்த மணலாக இருந்தால் ராடு நன்றாக இருந்தும் பன்றியின் காலடியில் வட்டம் அறுந்துபோகும். இரண்டு வழி உண்டு. வேலிக்கு வெளியே தரையில் இரண்டடி அகலக் கோழிவலையை விரித்து, ஆணியடித்து, எர்த்தோடு இணைக்கலாம். பன்றி அதன்மேல் நின்றுதான் கம்பியைத் தொட முடியும், கீழே தோண்டவும் முடியாது. இல்லையென்றால் மூன்று கம்பியாக்கி 15-லும் 45-லும் ஷாக், நடுவே 30-ல் எர்த் என்று ஓட்டலாம். கம்பி தொய்ந்தால் ஒன்றோடொன்று தொட்டுவிடும் என்பதால் வலைதான் என் தேர்வு.

பின்சேர்க்கை 2: வோல்ட் குறைகிறது

5,000 இருந்தால் நிம்மதி. 3,000-க்குக் கீழே வந்தால் அன்றைக்கே பாருங்கள். முதல் சந்தேகம் புல். இருட்டிய பிறகு வேலியோரம் நடந்தால் கசியும் இடம் ‘டக் டக்’ என்று சத்தம் போடும், பொறியும் தெரியும். தெரியவில்லையென்றால் வேலியை நடுவில் ஒரு சுவிட்ச் வைத்துப் பிரித்து, எந்தப் பாதியைக் கழற்றினால் வோல்ட் ஏறுகிறது என்று பாருங்கள். பழுது அந்தப் பாதியில்.

பின்சேர்க்கை 3: முள்ளம்பன்றி

முள் ஷாக்கைக் கடத்தாது, மூக்கு படும் 10 செ.மீ. உயரத்தில் இன்னொரு கம்பி வேண்டும். அது தேவைப்படும் பக்கத்துக்கு மட்டும், தனி சுவிட்சோடு, கிழங்கு முற்றும் மாதங்களில் மட்டும் போடுங்கள். மற்ற நாட்களில் அணைத்து வையுங்கள். மேலே சொன்ன ஆமைக்காகவும் எறும்புத்தின்னிக்காகவும், புல் ஓயாமல் அதில் படும் என்பதற்காகவும்.

மின்னும் விளக்கு, வெடிச்சத்தம் எழுப்பும் கருவி பற்றியும் கேட்கிறார்கள். வேலி முடியும் வரை சில இரவுகளுக்கு உதவும், அதுவும் இடத்தை மாற்றி மாற்றி வைத்தால். வலிக்காது என்று தெரிந்த பிறகு பன்றி அதன் வெளிச்சத்திலேயே மேயும்.