கீறினாலும் உடையாத நைலான்: வினைபுரியும் ரப்பர் கலக்கும் செய்முறை

நைலான் பட்டை ஒன்றைச் சுத்தியலால் அடித்துப் பாருங்கள். வளையும், எகிறும், லேசில் உடையாது. அதே பட்டையில் பிளேடால் சின்னதாக ஒரு கீறல் போட்டுவிட்டு அடியுங்கள். பிஸ்கட் மாதிரி இரண்டாகிவிடும். விரிசல் தொடங்கத்தான் நைலான் விடாது. தொடங்கிவிட்டால் அது ஓடுவதைத் தடுக்காது. நாம் வார்க்கும் பொருள்களிலோ கூரான மூலை, திருகு ஓட்டை என்று கீறலுக்குப் பஞ்சமே இல்லை.

இதற்கு மருந்து ரப்பர். ஆனால் சாதாரண ரப்பரை உருகிய நைலானில் போட்டால் எண்ணெயும் தண்ணீரும் போலத்தான். பெரிய பெரிய உருண்டைகளாகத் தனியே நிற்கும், பிடிப்பே இருக்காது. அதனால் மூலக்கூறுச் சங்கிலியில் ஆங்காங்கே மாலியிக் அன்ஹைட்ரைடு என்ற வினைபுரியும் வேதிப்பொருள் ஒட்டிய ரப்பரை எடுக்கிறோம். ரப்பர் எடையில் அது 1 சதவீதத்தை ஒட்டி இருந்தாலே போதும். நைலான் சங்கிலியின் நுனியிலுள்ள நைட்ரஜன் தொகுதியான அமீன், பிளாஸ்டிக்கை உருக்கித் திருகால் தள்ளும் எக்ஸ்ட்ரூடருக்குள் இதைச் சந்தித்ததும் இதோடு பிணைந்துகொள்ளும். பாதி நைலான், பாதி ரப்பர் என்று அங்கே பிறக்கும் மூலக்கூறு சோப்பின் வேலையைச் செய்கிறது: ரப்பரைச் சிறு துளிகளாக உடைய விடும், உடைந்தவை மறுபடி ஒன்றுசேர விடாது. டூபாண்ட் நிறுவனம் 1970களில் கொண்டுவந்த 'சூப்பர் டஃப்' நைலானின் சூட்சுமம் இந்தப் பிணைப்புதான். எப்ஸ்டைன் பெயரிலான அதன் அமெரிக்கக் காப்புரிமை 1979-இல் வெளியானது.

படி 1: எடை போடுங்கள்

5 கிலோ கலவைக்கு: நைலான் 6 குருணை 4 கிலோ, மாலியிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய எத்திலீன்–புரோப்பிலீன் ரப்பர் 1 கிலோ, வெப்பத்தில் மஞ்சளாகாமல் காக்கும் ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் 15 கிராம். ரப்பர் வாங்கும்போது 'மாலியிக் அன்ஹைட்ரைடு கிராஃப்ட்' என்று தரவுத்தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். பார்வைக்குச் சாதாரண ரப்பர் குருணையும் இதுவும் ஒன்றுபோலவே இருக்கும்.

கூடவே வெறும் நைலான் 2 கிலோ தனியாக எடுத்து வையுங்கள். அதையும் இதே எக்ஸ்ட்ரூடரில் இதே சூட்டில் ஓட்ட வேண்டும். ஒப்பிட ஒன்று இல்லாமல் 'நன்றாக வந்திருக்கிறது' என்று சொல்வதில் அர்த்தமில்லை.

படி 2: உலர்த்துங்கள்

சோம்பல்பட்டால் எல்லாம் கெடுகிற இடம் இது. நைலான் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரத்தோடு உருக்கினால் தண்ணீர் நைலான் சங்கிலிகளை வெட்டும், அன்ஹைட்ரைடை அமிலமாக மாற்றி வினையை மந்தமாக்கும், எக்ஸ்ட்ரூடரின் வாயான டையில் நுரையாகவும் வெளிவரும். ஈரம் 0.2 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். ஈரநீக்கும் டிரையரில் 80 டிகிரியில் 4 முதல் 6 மணி நேரம், அல்லது வெற்றிட அடுப்பில் இரவு முழுக்க வையுங்கள். அவசரத்துக்குச் சூட்டை ஏற்றினால் காற்றுபட்டு நைலான் மஞ்சளாகும். ரப்பரை அதே தட்டில் கொட்டிவிடாதீர்கள். அந்தச் சூட்டில் ஒட்டிக்கொண்டு கேக் மாதிரி கட்டியாகிவிடும். நான் ஒருமுறை சுத்தியல் வைத்துப் பிரித்தெடுத்திருக்கிறேன். ரப்பருக்குத் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்த சூடே போதும்.

படி 3: ஓட்டுங்கள்

ஒரே திசையில் சுழலும் இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடர் வேண்டும். ஒற்றைத் திருகில் இரண்டு முறை ஓட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு. துளிகள் அந்த அளவுக்குப் பொடியாகாது. நைலான் 6 உருகுவது 220 டிகிரியில். ஊட்டும் பகுதியில் 220, நடுவில் 230 முதல் 240, டையில் 240 வைத்துத் தொடங்குங்கள். திருகு வேகம் நிமிடத்துக்கு 250 சுற்று. வினையில் கொஞ்சம் தண்ணீர் வெளியேறும், அதனால் ஆவியை உறிஞ்சும் வேக்குவம் வென்ட் திறந்திருக்கட்டும். டைக்கு மேலே புகை உறிஞ்சி கட்டாயம். மாலியிக் அன்ஹைட்ரைடு ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும்.

திருகைச் சுழற்றத் தேவைப்படும் முறுக்குவிசையைக் காட்டும் டார்க் மீட்டரில் கண் இருக்கட்டும். வெறும் நைலானை முதலில் ஓட்டி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கலவை வரும்போது முள் அதைவிட ஏறினால் சங்கிலிகள் பிணைகின்றன என்று ஊகிக்கலாம். வெளிவரும் இழை வெண்மையாக, வழவழப்பாக இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் குளிர்வித்து வெட்டி, மறுபடி உலர்த்தி, சோதனைப் பட்டைகளாக வார்த்துவிடுங்கள்.

படி 4: சோதனைக் குழாயில் பாருங்கள்

எனக்குப் பிடித்த படி. இதற்கு மொலாவ் சோதனை என்று பெயர். கலவையில் 0.2 கிராம் எடுத்து 10 மில்லி ஃபார்மிக் அமிலத்தில் போட்டுக் குலுக்கி ஒரு நாள் விடுங்கள். கையுறை, கண்ணாடி, புகைக்கூண்டு மூன்றும் வேண்டும். தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும் அமிலம் இது. நைலான் இதில் கரையும், ரப்பர் கரையாது. பிணைப்பு நடக்காதிருந்தால் ரப்பர் மேலே மிதந்து கீழே தெளிந்த திரவம் நிற்கும். நடந்திருந்தால் மறுநாளும் பால் போலவே இருக்கும், ஏனென்றால் நைலான் வால் முளைத்த ரப்பர் துளி மிதந்து ஒதுங்க முடியாது. தெளிந்துவிட்டதா? மற்றதை விட்டுவிட்டு முதலில் படி 2-க்குத் திரும்புங்கள்.

படி 5: உடைத்துப் பாருங்கள்

வார்த்த பட்டைகளை உடனே அலுமினியப் பையில் ஒட்டி மூடுங்கள். ஈரம் குடித்த நைலான் தானாகவே உரமேறும். திறந்து வைத்த பட்டையைச் சோதித்துவிட்டு ரப்பருக்குப் பாராட்டு கொடுத்துவிடுவோம். பட்டையில் வெட்டுக்கருவியால் நாட்ச் (கீறல்) போட்டு, ஊசல் சுத்தியலால் அடித்து உடைக்கும் ஐசாட் சோதனை செய்யுங்கள். உலர்ந்த வெறும் 'நைலான் 6', பட்டையின் தடிமனில் மீட்டருக்கு 50 ஜூல் அளவில் முறியும். நல்ல கலவை 800 ஜூலைத் தாண்டும். முழுதாக முறியாமல் தொங்கும், உடைந்த முகம் வெளுத்திருக்கும். அடி விழுந்ததும் ரப்பர் துளிகளுக்குள் நுண்ணிய வெற்றிடங்கள் திறந்து, இடையிலுள்ள நைலான் இழுபட்டு அடியின் வேகத்தை விழுங்கியதன் தடயம் அந்த வெளுப்பு. பதிலுக்கு விறைப்பிலும் இழுவலிமையிலும் சுமார் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், இதை வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குழாயில் பால், கையில் முறிவு

பிணைப்பு சரியாக இருந்தும் பட்டை முறிகிறதென்றால் துளியின் அளவில் கோளாறு. 1985-இல் டூபாண்டின் சோஹெங் வூ, நைலானின் இன்னொரு வகையான நைலான் 66-இல் கண்டது இது: ஒரு துளியின் விளிம்புக்கும் அடுத்ததன் விளிம்புக்கும் இடையே சுமார் 0.3 மைக்ரானுக்கு மேல் இடைவெளி இருந்தால் பொருள் முறியும், அதற்குள் வந்துவிட்டால் உரமேறும். பெரிய துளிகளாக நின்றால் 20 சதவீத ரப்பர் போட்டும் இடைவெளி அதிகமாகிவிடும். அப்போது ரப்பரைக் கூட்டாமல், திருகில் பிசையும் பகுதிகளைக் கூட்டுங்கள்.

மிகச் சிறிய துளியும் ஆகாது என்பதுதான் புதியவர்களைக் குழப்பும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டி. ஆர். பால் குழுவினர், மாலியிக் அன்ஹைட்ரைடு சுமார் 2 சதவீதம் ஏற்றிய எஸ்இபிஎஸ் (ஸ்டைரீன் சார்ந்த ஒரு வகை) ரப்பரை நைலான் 6-இல் தனியாகக் கலந்தபோது துளிகள் 0.05 மைக்ரான் அளவுக்குப் பொடிந்தன, நைலான் உரமேறவில்லை. அவ்வளவு சிறிய துளிக்குள் வெற்றிடம் எளிதில் திறக்காது. அதே ரப்பர் நைலான் 66-இல் நன்றாக வேலை செய்தது. நைலான் 66-இல் இரு நுனியிலும் அமீன் உள்ள சங்கிலிகள் உண்டு, அவை இரண்டு இடத்தில் பற்றுவதால் துளிகள் அவ்வளவு பொடிவதில்லை. ஆகவே அந்த ரப்பரை நைலான் 6-இல் போடுகிறவர்கள், அதில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மாலியிக் ஏற்றாத சாதாரண எஸ்இபிஎஸ் சேருங்கள். மொத்த ரப்பர் 20 சதவீதமாகவே இருக்கட்டும். முதல் முறை பாதிக்குப் பாதி போட்டு ஓட்டிப் பாருங்கள்.