செம்பருத்திப் பூவில் பிஎச் பார்க்கலாம்

பிஎச் என்பது ஒரு பொருள் அமிலமா காரமா என்று காட்டும் எண்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். அதைப் பூவின் நிறத்தை வைத்தே பார்க்கலாம். ஐந்தாறு சிவப்புச் செம்பருத்திப் பூக்களின் இதழ்களை மட்டும் பிய்த்து, 200 மில்லி சுடுநீரில் பதினைந்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் நிறம் மங்கிப் பழுப்பாகிவிடும். போர் தண்ணீரும் வேண்டாம். அதிலுள்ள பைகார்பனேட் சாற்றின் நிறத்தை முன்கூட்டியே மாற்றிவிடும். மழைநீர் அல்லது ஆர்ஓ தண்ணீர் நல்லது.

வெள்ளைக் கிண்ணங்களில் இரண்டு ஸ்பூன் சாறு ஊற்றி, சோதிக்கும் பொருளைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். எலுமிச்சைச் சாறு (பிஎச் சுமார் 2) விட்டதும் பளிச்சென்ற அடர் இளஞ்சிவப்பு வரும். சோப்புத் தண்ணீரும் சுண்ணாம்புத் தெளிநீரும் (சுமார் 12) பச்சையாக்கும். சுண்ணாம்பில் அந்தப் பச்சை கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகும். காரம் மிகுந்தால் நிறமியே சிதைகிறது. ஆகவே நிறத்தை உடனே குறித்துக்கொள்ள வேண்டும்.

மஞ்சள்தூள் தடவிய தாள் காரத்தில் சிவக்கும், ஆனால் அமிலத்தையும் வெறும் தண்ணீரையும் பிரித்துக் காட்டாது. அதற்குச் செம்பருத்திதான்.

மாணவர்கள் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பிஎச் 3, பிஎச் 6-ஐவிட இரு மடங்கு அமிலத்தன்மை கொண்டதல்ல, 1000 மடங்கு! ஒவ்வொரு எண் குறையும்போதும் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு கூடுகிறது.

ப்ளீச்சை இதில் சோதிக்காதீர்கள். அது நிறத்தையே அழித்துவிடும். வினிகரோடு கலந்தாலோ குளோரின் வாயு கிளம்பும்.