வலக்கண்ணில் வெயில்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பைக்கில்தான் போகிறேன். காலையில் வடக்கே, மாலையில் தெற்கே. இரண்டு நேரமும் வெயில் வலப்பக்கம்தான். நான் போட்டிருந்த தட்டையான கூலிங் கிளாஸின் ஓரத்தில் வெளிச்சமும் தூசியும் புகுந்து, கிருமாம்பாக்கம் வருவதற்குள் வலக்கண் மட்டும் சிவந்துவிடும்.

சரியென்று கன்னங்கரேலென்று ஒன்று வாங்கினேன். அது தப்பாகப் போயிற்று. புற ஊதாக்கதிர் (யூவி) தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்மணி விரியும். புற ஊதாக்கதிர் கூடுதலாகவே உள்ளே போகும். அடுத்தது போலரைஸ்டு, பட்டுத் தெறிக்கும் ஒளியை வடிகட்டும் கண்ணாடி. சாலையின் கூச்சம் அடங்கியது, ஆனால் என் வண்டியின் டிஜிட்டல் மீட்டர் மங்கிவிட்டது.

இப்போது இருப்பது யூவி 400 (புற ஊதாக்கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுப்பது), பழுப்பு நிறம், முகத்தோடு வளைந்த பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக். ஹெல்மெட்டைக் கடைக்கே கொண்டுபோய் மாட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன். காதில் மாட்டும் பகுதி தடிமனாக இருந்தால் பத்தே நிமிடத்தில் நெற்றிப்பொட்டு வலிக்கும். மெல்லியதாகப் பார்த்து எடுங்கள். அப்புறம், அரியாங்குப்பத்தில் இருட்டினால் அங்கேயே கழற்றிவிடுவேன்.