சோர்வான நாளிலும் குழுவை நடத்துவது எப்படி? சிறு அமைப்புகளின் தலைவர்களுக்கு

தலைமை என்றதும் பெரிய நிறுவனங்களின் நிர்வாகிகளே பலருக்கு நினைவுக்கு வருகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்திலோ தலைமைப் பொறுப்பு பெரும்பாலும் ஊதியமின்றி, அக்கம்பக்கத்தாருக்கு நடுவில், மாலை வேளைகளில் சுமக்கப்படுகிறது. மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர், மீனவர் கூட்டுறவுச் சங்கத் தலைவர், தேவாலயப் பங்குப் பேரவைப் பொறுப்பாளர், ஊர்க்கோவில் கமிட்டிச் செயலாளர், தேனீ வளர்ப்போர் சங்க நிர்வாகி ஆகியோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இவர்கள் வழிநடத்தும் மனிதர்கள் மறுநாள் காலையில் கடைத்தெருவிலும் பேருந்து நிறுத்தத்திலும் எதிர்ப்படுவார்கள். அலுவலகம் முடிந்ததும் பொறுப்பை இறக்கி வைக்கும் வசதி இவர்களுக்கு இல்லை. தலைவியின் முகம் வாடியிருப்பதைக் கூட்டம் தொடங்குமுன்னரே உறுப்பினர்கள் கண்டுகொள்வார்கள்.

நம்பிக்கையான மனநிலை என்பது சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்த சிரித்த முகம் என்று எண்ணினால், அது வாய்க்காதவர்கள் பொறுப்பை விட்டு ஒதுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. நான் அப்படி எண்ணவில்லை. பேசும் முறையிலும், கணக்கும் தீர்மானமும் எழுதும் முறையிலும், கூட்டம் நடத்தும் முறையிலும் பழகிக்கொள்ளக்கூடிய வேலை அது. அந்த வேலையின் மிகக் கடினமான பகுதி, கெட்ட செய்தியைச் சொல்வது. எனவே அதிலிருந்தே தொடங்குவோம்.

கெட்ட செய்தியைச் சொல்லும்போது

சங்கத்துக்கு வரவேண்டிய கடன் மறுக்கப்பட்டது, ஏலத்தில் விலை விழுந்தது, ஒப்பந்தம் கைவிட்டுப் போனது போன்ற செய்திகள் வரும்போது தலைவர்கள் இரண்டு வழிகளில் தவறுகிறார்கள். சிலர் செய்தியைத் தள்ளிப்போட்டு, "எல்லாம் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். வேறு சிலர் தம் மனத்தில் இருக்கும் அச்சம் முழுவதையும் அப்படியே கூட்டத்தின் முன் கொட்டிவிடுகிறார்கள். முதல் வழியில் நம்பகத்தன்மை போகிறது. இரண்டாவது வழியில் செயல்படும் துணிவு போகிறது.

செய்தியை மூன்று பகுதிகளாகப் பிரித்துச் சொல்லிப் பாருங்கள். நடந்தது என்ன என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் முதலில் சொல்ல வேண்டும். அதன் பிறகு நம் கையில் எஞ்சியிருப்பது என்ன என்பதை எண்ணிச் சொல்ல வேண்டும். கடைசியாக, அடுத்த ஓரிரு நாட்களில் யார் எதைச் செய்யப்போகிறார்கள் என்பதைப் பெயர் குறித்துச் சொல்ல வேண்டும். மூன்றாவது பகுதி இல்லாமல் கூட்டத்தைக் கலைக்கவே கூடாது. "மனுவின் நகலை நாளை ஒருவர் வங்கிக்குக் கொண்டுபோவார்" என்ற அளவில் அது மிகச் சிறியதாக இருந்தாலும் போதும்.

இந்த மாவட்டத்தின் கடற்கரை அறிந்த மிகக் கொடிய காத்திருப்புகளுள் ஒன்றை நினைத்துப் பார்த்தால் இதன் அவசியம் விளங்கும். 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கி புயல் குமரிக் கடலில் மிக விரைவாக வலுப்பெற்றபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் ஏற்கெனவே கரையிலிருந்து வெகுதொலைவில் இருந்தார்கள். அவர்களைப் பற்றிய உறுதியான செய்தியின்றிக் குடும்பங்கள் வாரக்கணக்கில் காத்திருந்தன. அத்தகைய நாட்களில் ஊர்ப் பொறுப்பிலிருக்கும் ஒருவர் "கண்டிப்பாக வந்துவிடுவார்கள்" என்று நாள் குறித்து ஆறுதல் சொன்னால், அந்த நாள் கடக்கும்போது ஒரு வீடு இரண்டாம் முறை இடிந்துபோகும். படகின் பெயர், புறப்பட்ட நாள், படகில் இருந்தவர்கள், கடைசியாகப் பேசிய நேரம் ஆகியவற்றைப் பட்டியலாக எழுதி, அதை அதிகாரிகளிடம் கொண்டுசேர்த்து, தெரிந்ததை மட்டும் மாலைதோறும் ஒரே இடத்தில் அறிவிப்பவர் எந்த வாக்குறுதியும் தரவில்லை. ஆயினும் அவரையே மக்கள் பற்றிக்கொள்வார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் நொடிக்கொரு வதந்தி வரும் இந்தக் காலத்தில், அறிவிப்புக்கு ஒரு நேரமும் ஓர் இடமும் வைத்துக்கொள்வது எந்த ஆறுதல் சொல்லையும்விடப் பெரிய துணை.

எஞ்சியிருப்பதை எண்ணுவது என்ற இரண்டாவது பகுதியை மார்த்தாண்டம் வட்டாரத் தேனீ வளர்ப்பின் வரலாறு நன்கு விளக்குகிறது. 1920-களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் பணிகள் வழியாக வேரூன்றிய அந்தத் தொழில், ரப்பர் மரங்களின் இளந்தளிர்களில் சுரக்கும் இனிப்பை நம்பி வளர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவி, புழுப் பருவத்திலேயே தேனீக்களைக் கொன்றபோது, பெட்டிகள் பெரும்பாலும் காலியாயின. தொழில் மீண்டதற்கு, நோயைத் தாங்கி நின்ற கூடுகளைத் தேடி, அவற்றைப் பிரித்துப் பெருக்கியது முக்கியக் காரணம். காலியான பெட்டிகளை எண்ணுவதோடு நின்றிருந்தால், தாங்கி நின்ற கூடுகள் கண்ணில் பட்டிருக்காது. இழப்பின் கணக்கை எழுதும் அதே தாளில் எஞ்சியதன் கணக்கையும் எழுதும் வழக்கத்தை ஒவ்வொரு சங்கமும் ஏற்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

காரணம் சொல்லும் பழக்கம்

பென்சில்வேனியா பல்கலைக்கழக உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன், தோல்விக்கு மனிதர்கள் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளும் காரணங்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர். "இது எப்போதும் இப்படித்தான்", "எல்லாமே கெட்டுவிட்டது", "எல்லாம் என்னால்தான்" என்ற மூன்று வகை விளக்கங்கள் மனிதரை முடக்குகின்றன என்பது அவர் கண்டது. 1980-களில் மெட்ரோபாலிட்டன் லைஃப் என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தின் முகவர்களிடம் அவர் நடத்திய ஆய்வில், தோல்வியைத் தற்காலிகமானதாகவும் ஓர் எல்லைக்கு உட்பட்டதாகவும் பார்த்தவர்கள் கூடுதலாக விற்றார்கள். வேலையை விட்டு விலகியதும் குறைவு.

இதை ஒரு சுய உதவிக் குழுவுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஓர் உறுப்பினர் மூன்று வாரமாகத் தவணை கட்டவில்லை. தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, குழுவின் சேமிப்பிலிருந்து உறுப்பினர்களுக்குத் தரும் உள்கடன், குறித்த காலத்தில் திருப்பிச் செலுத்துதல், ஒழுங்கான கணக்கேடு ஆகிய ஐந்தையும் பார்த்தே குழுவின் தரம் மதிப்பிடப்படுவதால், ஒருவரின் நிலுவை எல்லாருடைய அடுத்த கடனையும் தொடுகிறது. ஊக்குநரின் மனத்தில் உடனே எழுவது, "இந்தக் குழுவே உருப்படாது, யாரையும் நம்ப முடியாது" என்ற வாக்கியம். அதை வாய்விட்டுச் சொல்வதற்கு முன் ஒரு தாளில் எழுதி, மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். எத்தனை வாரமாக இப்படி? எத்தனை பேர் கட்டவில்லை? என் பங்கு எவ்வளவு, சூழலின் பங்கு எவ்வளவு? எழுதி முடிக்கும்போது வாக்கியம் மாறியிருக்கும். முந்திரி ஆலையில் வேலை குறைந்ததால் ஒருவருக்கு மூன்று வாரத் தவணை நிற்கிறது, மற்றவர்கள் கட்டிவிட்டார்கள் என்பது வேலை செய்ய ஏற்ற வாக்கியம். அந்த உறுப்பினரின் வீட்டுக்குப் போய், "மைனி, மாசம் எவ்வளவு கட்ட முடியும்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்பதற்கு அது இடம் தருகிறது. முதல் வாக்கியத்தோடு போயிருந்தால் அங்கே சண்டைதான் மிஞ்சும்.

தன் பிழையை ஏற்க மறுப்பதற்கு இந்த முறையைப் பயன்படுத்தக் கூடாது. கணக்கேட்டை எழுதத் தவறியது ஊக்குநர் என்றால், அதை அவர் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். பிழை ஒரு வாரத்தினது என்பதும் வாழ்நாள் முழுவதற்கும் உரியதன்று என்பதும் அப்போதும் உண்மையாகவே இருக்கும்.

ஆசையோடு தடையையும் பேசுவது

நல்லதையே நினைத்தால் நல்லதே நடக்கும் என்று மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எதிரானது. படிப்பை முடித்து வேலை தேடிய ஜெர்மானியப் பட்டதாரிகளுள், இனிமையான வெற்றிக் கனவுகளில் அதிகம் மூழ்கியவர்கள், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பார்க்கும்போது, குறைவாகவே விண்ணப்பித்திருந்தார்கள்; குறைவான வாய்ப்புகளையும் குறைவான சம்பளத்தையும் பெற்றிருந்தார்கள். அவர் பரிந்துரைக்கும் மாற்று வழி, விரும்பும் பலனைத் தெளிவாக நினைத்த உடனேயே, அதற்கு நடுவே நிற்கும் தடையையும் நினைத்து, தடை வந்தால் செய்ய வேண்டியதை முன்கூட்டியே முடிவு செய்வது.

இந்த மாவட்டத்தில் தடைகள் பெரும்பாலும் நாட்காட்டியிலேயே தெரியும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே பெய்வதால் ரப்பர் பால்வெட்டு ஆண்டில் இருமுறை தடைப்படுகிறது. சின்னமுட்டத்து விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைத் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பகுதிப் படகுகளுக்கு மேற்குக் கடற்கரைத் தடைக்காலமான ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் வேலை நிற்கிறது. ஆண்டுதோறும் வருவது தெரிந்திருந்தும், அந்த மாதங்களில் சந்தா குறையும்போது "மக்களுக்கு அக்கறை இல்லை" என்று மனம் கசந்துபோகும் தலைவர்களைப் பார்க்கிறேன். ஆண்டுத் தொடக்கக் கூட்டத்திலேயே, வேலை நிற்கும் மாதங்களில் சந்தா எவ்வளவு, அவசரக் கடனுக்கு எவ்வளவு ஒதுக்குவது, வலை பின்னலையும் படகுப் பழுதையும் எப்போது முடிப்பது என்பதைத் தீர்மானமாக எழுதிவிட்டால், அந்தக் கசப்பில் பாதி எழவே எழாது.

உள்ளே இருப்பதை எங்கே இறக்குவது

தலைவர் கலங்கக் கூடாது என்ற எதிர்பார்ப்பில் பலர் எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்கிறார்கள். இது பயன் தருவதில்லை. எமிலி பட்லரும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், மனத்தைப் பாதிக்கும் படம் ஒன்றைப் பார்த்த பிறகு இருவரைப் பேசவைத்து, ஒருவரை மட்டும் உணர்ச்சியை வெளிக்காட்டாமல் இருக்கச் சொன்னார்கள். எதிரில் இருந்தவரின் இரத்த அழுத்தம் உயர்ந்தது. அவர்களிடையே நெருக்கமும் குறைந்தது. இறுகிய முகம் குழுவைக் காக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை.

கூட்டத்தில் ஒரே வாக்கியத்தில், "இந்தச் செய்தி எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகலாம். மீதியைச் சொல்ல, குழுவுக்கு வெளியே ஒருவர் வேண்டும். அவர் அதே ஊரில் அந்தச் சங்கத்தோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவராக இருக்கக் கூடாது. பக்கத்து ஊராட்சியில் இதே பொறுப்பிலிருக்கும் ஒருவர் மிகவும் பொருத்தம். நாகர்கோவிலிலோ தக்கலையிலோ கூட்டமைப்புக் கூட்டங்களுக்குப் போகும்போது அப்படி ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். தூக்கம், வேளைக்கு உணவு, இரவு ஒன்பது மணிக்கு மேல் சங்க அழைப்புகளை எடுக்காமை ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவையே. அவற்றைச் செய்யாமல் மற்றவற்றைச் செய்வது கடினம் என்று மட்டும் சொல்லிச் செல்கிறேன். வாரக்கணக்கில் தூக்கம் வராமலும் எதிலும் நாட்டமில்லாமலும் இருந்தால், அது மனப்பயிற்சியால் தீர்வதன்று. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

குறை சொல்பவர்களை எதிர்மறையாளர்கள் என்று முத்திரை குத்தி ஒதுக்குவது, நம்பிக்கையின் பெயரால் இங்கே அதிகம் நடக்கும் தவறு. கூட்டத்தில் கணக்குக் கேட்கும் பெண்மணி பல நேரங்களில் மற்றவர்கள் கேட்கத் தயங்கியதையே கேட்கிறார். அவருடைய கேள்வியை அவர் சொன்ன சொற்களிலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக அதற்குப் பதில் சொல்லுங்கள். கேள்வியே இல்லாமல் ஒவ்வொருவரையும் பழித்துப் பேசுபவர் வேறு வகை. அவரிடம் தனியாக, வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பேசுவதுதான் சரி. பலர் முன்னிலையில் அடக்கினால் அந்தப் பேச்சு தெருவுக்குப் போகும்.

தீர்மானப் புத்தகத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒவ்வொரு கூட்டத்தின் இறுதியிலும், சென்ற கூட்டத்துக்குப் பிறகு முடிந்த வேலை ஒன்றை, அதைச் செய்தவரின் பெயரோடு ஒரு வரியில் எழுதுங்கள். தெருவிளக்கு எரிந்தது, ஒரு நிலுவை அடைந்தது, ஓர் உறுப்பினரின் மகளுக்குக் கல்விக் கடன் விண்ணப்பம் போனது என எதுவாகவும் இருக்கலாம். எதுவும் நகரவில்லை என்று தோன்றும் மாதத்தில் பின்னோக்கிப் புரட்டினால், உங்களுக்கே சான்று கிடைக்கும். பாராட்டு மழைபோல் பொழிவதைக் காட்டிலும், இன்ன வேலையை இன்னார் செய்தார் என்ற பதிவு உறுப்பினர்களை நெடுநாள் தாங்கி நிற்கிறது.

நல்ல மனநிலையை இழக்கும் தலைவர்களுள் பெரும்பாலோர் எல்லா வேலையையும் தாமே செய்பவர்கள். எனவே இரண்டாம் ஆளை இப்போதே தயார்ப்படுத்துங்கள். முதல் மாதம் அவர் வருகைப் பதிவையும் சந்தாவையும் மட்டும் கவனிக்கட்டும். அடுத்த மாதம் வங்கிக்கு உங்களோடு வரட்டும், மேலாளரிடம் அவரே பேசட்டும். மூன்றாம் மாதக் கூட்டத்தை அவர் நடத்த, நீங்கள் உறுப்பினர்களோடு பாயில் உட்காருங்கள். அவர் தடுமாறினாலும், உங்களைக் கேட்கும் வரை குறுக்கிடாதீர்கள். கூட்டம் முடிந்த பிறகு, நன்றாகச் செய்தது ஒன்றையும் மாற்ற வேண்டியது ஒன்றையும் தனியே அவரிடம் சொல்லிவிட்டு, அடுத்த கூட்டத்தின் தேதியை அவரையே அறிவிக்கச் சொல்லுங்கள்.