“எல்லாம் நான்தான் தம்பி”: நோயாளர் பதிவுகளைச் செயற்கை நுண்ணறிவால் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளினிக் நாளொன்றில் ஓர் அம்மா தன் சொப்பிங் பையை அவிழ்த்து என் மேசையில் பரப்பினார். ஓரம் மடிந்த நீரிழிவுக் கிளினிக் கொப்பி, வவுனியாவில் எடுத்த இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், யாழ்ப்பாணத்தில் விடுதியை விட்டு வெளியேறியபோது கொடுத்த டயக்னோசிஸ் காட், தனியார் ஆய்வுகூடமொன்றின் அச்சிட்ட அறிக்கை. யோகேஸ்வரி என்ற அவருடைய பெயர் ஒரு தாளில் ஆங்கில ‘வை’ எழுத்திலும் இன்னொன்றில் ‘ஜே’ எழுத்திலும் தொடங்கியது. முதலெழுத்து ஓரிடத்தில் தகப்பனுடையது, ஓரிடத்தில் கணவருடையது. வயது மூன்று விதம். நான் தாள்களை மாறி மாறிப் பார்த்ததைக் கண்டு, “எல்லாம் நான்தான் தம்பி” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைக் கணினியும் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதுதான், வைத்தியசாலைகளுக்கிடையே சிதறிக் கிடக்கும் பதிவுகளைச் செயற்கை நுண்ணறிவால் ஒன்றிணைக்கும் முயற்சியின் அடிப்படை. கிளிநொச்சியில் கிளினிக், யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை, வவுனியாவில் ஸ்கான் என்று ஏ9 வீதியில் ஏறி இறங்கும் நோயாளருக்கு இது மிகவும் வேண்டியதொன்று. ஆனால், வேறெங்கோ ஓடிய மென்பொருளை அப்படியே இங்கு கொண்டுவந்து இறக்குவோர் திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய தவறுகள் சில உண்டு. பதிவேட்டு வேலையில் இருப்பவன் என்ற முறையில் அவற்றையே இங்கு எழுதுகிறேன்.

தேசிய அடையாள அட்டை இலக்கம் இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்று எண்ணுவதிலிருந்துதான் பெரும்பாலும் பிழை தொடங்குகிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 இலக்கங்கள். ஒருவருடைய பழைய இலக்கம் ஒரு கொப்பியிலும் புதியது இன்னொரு கொப்பியிலும் இருந்தால், சொல்லிக் கொடுக்காத கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். மாற்றும் வழி எளிது: முன்னால் 19 ஐச் சேர்த்து, பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியத்தை இட்டு, கடைசி எழுத்தை நீக்க வேண்டும். ஆனால் அந்த நாள் எண்ணில் பெண்களுக்கு 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள் என்றே கணக்கு. சாதாரண நாட்காட்டியை வைத்துப் பிறந்த திகதியைக் கணிக்கும் நிரல், லீப் வருடமல்லாத வருடங்களில் பெப்ரவரிக்குப் பின் பிறந்த அத்தனை பேரையும் ஒரு நாள் பிந்திப் பிறக்க வைத்துவிடும். பிள்ளைகளுக்கோ அடையாள அட்டையே இல்லை. தாயின் இலக்கத்தைப் பிள்ளையின் அட்டையில் எழுதி வைத்திருப்பதை நானே பலமுறை கண்டிருக்கிறேன். சுகாதார அமைச்சின் தனிநபர் சுகாதார இலக்கம் இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது என்றாலும், இரண்டு வைத்தியசாலைகளில் ஒருவருக்கே இரண்டு இலக்கங்கள் விழுந்துவிட்டால் பழைய சிக்கல் புதிய வடிவில் திரும்பி வந்துவிடும்.

ஆகவே, பெயர், பிறந்த திகதி, முகவரி ஆகியவற்றைச் சேர்த்து எடைபோட வேண்டியே இருக்கிறது. இதற்கான கணித அடிப்படையை 1969 ஆம் ஆண்டில் ஐவன் ஃபெலெகி, அலன் சன்டர் ஆகிய இருவர் வகுத்துத் தந்தனர். ஒவ்வொரு விபரமும் பொருந்தினால் எவ்வளவு புள்ளி, பொருந்தாவிட்டால் எவ்வளவு கழிவு என்று கணக்கிட்டு, கூட்டுத்தொகை ஓர் எல்லைக்கு மேலே போனால் ஒரே ஆள், இன்னோர் எல்லைக்குக் கீழே விழுந்தால் வேறு ஆள், இடைப்பட்டது மனிதர் பார்வைக்கு என்பது அதன் சாரம். இன்றைய இயந்திரக் கற்றல் முறைகள் பலவற்றின் அடியிலும் இந்த எண்ணமே இருக்கிறது. பிழை எங்கே வருகிறதென்றால், அந்தப் புள்ளிகளை வேறொரு நாட்டின் தரவில் கற்றுவந்த மாதிரியை இங்கே நம்புவதில்தான். ஒரே வீட்டில் முப்பது வருடம் இருப்பவர்களிடையே முகவரி மாறுபட்டால் அது வேறு ஆளாக இருக்கும் என்று கருதுவதில் நியாயமுண்டு. 2009 ஐ ஒட்டிய வருடங்களில் முள்ளிவாய்க்கால், செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாம், வவுனியாவில் உறவினர் வீடு, பிறகு மீள்குடியேறிய புதுக்குடியிருப்பு என்று நான்கு முகவரிகளில் பதியப்பட்ட ஒருவருக்கு அதே கழிவைப் போட்டால், அவர் நான்கு துண்டுகளாகவே இருப்பார். அதேபோல, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தொலைந்து திகதி தெரியாதவர்களுக்கு ஜனவரி முதலாம் திகதியென்று எழுதிவிட்டால், அந்தத் திகதி இருவரிடம் பொருந்துவதால் எதுவும் நிரூபணமாகாது. அதற்குப் புள்ளியே கொடுக்கக் கூடாது.

பெயரில் இன்னும் கவனம் வேண்டும். ஒலியை வைத்துப் பெயர்களைக் குழுவாக்கும் சவுண்டெக்ஸ் என்ற முறைக்கு அமெரிக்காவில் 1918 இல் காப்புரிமை வழங்கப்பட்டது. இன்றும் பல மென்பொருள்களுக்குள் அது ஒளிந்திருக்கிறது. அது முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்வதால், அந்த யோகேஸ்வரியம்மாவின் இரண்டு தாள்களும் அதன் கண்ணில் ஒருபோதும் ஒன்றாகப் படா. ஞானம் என்ற பெயரை ‘ஜீ’யில் எழுதுபவரும் ‘என்’னில் எழுதுபவரும் இருக்கிறார்கள். பெயர் தமிழில் சொல்லப்பட்டு, சிங்களத்தில் கேட்கப்பட்டு, ஆங்கிலத்தில் எழுதப்படும் இடங்களில் எழுத்துகள் இன்னும் விலகிப் போகும். இதற்கு நேரெதிர்ப் பக்கத்தில் எங்கள் பிள்ளைகளின் பெயர்கள் நிற்கின்றன. தர்சினி, தர்சிகா என்று ஒரே ஓசையில் பெயர் வைக்கப்பட்ட இரட்டையருக்குத் தகப்பனின் முதலெழுத்து, பிறந்த திகதி, முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாமே ஒன்று. எழுத்தொற்றுமையை மட்டும் அளக்கும் இயந்திரம் இவர்களை மிகுந்த தன்னம்பிக்கையோடு ஒருவராக்கிவிடும். ஒருத்திக்குப் பென்சிலின் ஒவ்வாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான், இணையாமல் விட்ட பிழையையும் பிழையாக இணைத்ததையும் ஒரே கணக்கில் சேர்த்து “துல்லியம் 99 வீதம்” என்று சொல்வதில் உள்ள ஆபத்து விளங்கும். இணையாமல் விட்டால் வைத்தியர் பழையபடி கேட்டறிவார். ஒரு பரிசோதனை இரண்டு முறை எடுக்கப்படும். காசும் நேரமும் வீணாகும். பிழையாக இணைத்தால் இன்னொருவரின் இரத்த வகை, இன்னொருவரின் மருந்து, இன்னொருவரின் நோய் இவருடைய பக்கத்தில் அச்சு எழுத்தில் நிற்கும். அச்சிட்டதை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆகவே இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். சந்தேக வலயத்தை அகலமாக வைத்து, அதைப் பார்ப்பதற்கு ஊரின் பெயர்களையும் உறவுமுறைகளையும் அறிந்த ஓர் உத்தியோகத்தருக்கு நேரம் ஒதுக்க வேண்டும். சந்தேகங்கள் குவிகின்றன என்பதற்காக எல்லையைத் தளர்த்திக் குவியலைக் குறைப்பது, நான் கண்டவற்றுள் மிக மோசமான குறுக்குவழி. மூலப் பதிவுகளை உருக்கி ஒன்றாக்காமல், அவற்றைத் தனித்தனியே வைத்து இடையில் இணைப்பை மட்டும் போட்டு, யார், எப்போது, எந்த ஆதாரத்தில் இணைத்தார் என்பதையும் எழுதி வைத்தால் பிறகு பிரிக்க முடியும். பிரித்தபின், ஏற்கெனவே பிழையான கோவையைப் பெற்ற வைத்தியசாலைகளுக்கும் அறிவிக்க வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பதிவில் இல்லாததை நோயாளரிடமும் இல்லை என்று வாசிப்பது வன்னியில் எவ்வகையிலும் மன்னிக்க முடியாத தவறு. போரின் இறுதியில் கொப்பிகளும் எக்ஸ்ரே படங்களும் பதுங்கு குழிகளிலும் பாதை ஓரங்களிலும் போய்விட்டன. உடலில் செல் (எறிகணை) துண்டு இருக்கும் ஒருவருக்கு அதைப் பற்றி ஒரு வரி எழுத்தும் இல்லாமல் இருக்கலாம். அவரை எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு அனுப்பும்போது காந்தப்புலம் அந்த உலோகத்தை நகர்த்தவோ, கருவியின் வானொலி அலைகள் அதைச் சூடாக்கவோ கூடும். கண்ணுக்கு அருகிலோ முள்ளந்தண்டுக்கு அருகிலோ இருந்தால் விளைவு பாரதூரமானது. ஒன்றிணைத்த கோவையின் சுருக்கத்தில் “உலோகப் பொருள்: இல்லை” என்று இயந்திரம் வெற்றிடத்தை நிரப்பினால், கேட்டிருக்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே போகும். “இல்லை”, “கேட்கப்படவில்லை”, “பதிவு தொலைந்தது” ஆகிய மூன்றும் மூன்று பெறுமதிகளாகவே தரவுத்தளத்தில் இருக்க வேண்டும்.

கையெழுத்தை வாசித்துச் சுருக்கித் தரும் மொழி மாதிரிகளிடம் வேறொரு பலவீனம் உண்டு. வைத்தியர் நோயின் பெயருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போடுவார்: “?காசநோய்”. சந்தேகிக்கிறேன், பார்க்க வேண்டும் என்பது அதன் பொருள். வாசிப்பில் அந்தக் குறி உதிர்ந்தால் சந்தேகம் தீர்ப்பாகிவிடும். அடுத்த சுருக்கம் அதைப் பிரதி எடுக்கும். மூன்றாவது வைத்தியசாலையில் அது “காசநோய் வரலாறு உண்டு” என்றாகும். மூன்று இடத்தில் இருப்பதால் உறுதியானதாகவும் தோன்றும், மூலம் ஒரே ஒரு தாள்தான் என்றாலும். சுருக்கத்தின் ஒவ்வொரு வரியும் அது எடுக்கப்பட்ட தாளின் படத்தைத் தொட்டால் காட்டக்கூடியதாக இராவிட்டால், அந்தச் சுருக்கத்தை ஏற்கக் கூடாது.

எங்கள் தமிழையும் அந்த மாதிரிகள் சரியாக அறிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. “மூன்று மாதமாக வருத்தம்” என்று இங்கே ஒருவர் சொன்னால், அவர் நோயாக இருக்கிறார் என்று பொருள். தமிழ்நாட்டு எழுத்தில் அதிகம் பழகிய மாதிரி அதைக் கவலையென்று மொழிபெயர்த்து, மனச்சோர்வுக்கான குறிப்பாகக் கோவையில் ஏற்றக்கூடும். “தடிமன்” என்றால் எங்களுக்குச் சளி. அதற்கோ ஒரு பொருளின் பருமன். முறைப்பாட்டைச் சொன்ன சொல்லிலேயே சேமித்து, மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைப்பதே பாதுகாப்பானது.

அலகுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியற்றினின் ஓர் ஆய்வுகூடத்தில் 1.4 மில்லிகிராம்/டெசிலீற்றர் என்றும், மற்றொன்றில் 124 மைக்ரோமோல்/லீற்றர் என்றும் வரும். இரண்டும் ஒரே அளவுதான், 88.4 ஆல் பெருக்கினால் தெரியும். சிறுநீரக நோய் பெருமளவில் காணப்படும் வவுனியா மாவட்டத்தில் இந்த அலகு மாற்றம் தவறக் கூடாது. இருந்தாலும் இவ்வளவு பெரிய வேறுபாடு கண்ணில் பட்டுவிடும். “சீனி 7” என்ற வெறும் குறிப்புத்தான் வஞ்சகமானது: அது வெறுவயிற்றில் 7 மில்லிமோல்/லீற்றராக, அதாவது 126 மில்லிகிராம்/டெசிலீற்றராக இருக்கலாம், கடந்த சில மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 7 வீதமாகவும் இருக்கலாம். அலகு இல்லாத எண்ணை இயந்திரம் ஊகிக்க விடக் கூடாது.

இத்தனையும் சரியாக நடந்தாலும், இணைக்கப்பட்ட கோவையை யார் திறக்கலாம் என்ற கேள்வியைக் கடைசிக்கு ஒத்திவைப்பது தவறு. காயம் எந்த வருடம், எந்த இடத்தில் ஏற்பட்டது என்பது இங்கே வெறும் மருத்துவத் தகவலாகப் பார்க்கப்படுவதில்லை. எல்லாக் கணினியிலும் தெரியும் என்று கேள்விப்பட்டால், செல் துண்டைப் பற்றி வாய் திறக்காமல் இருந்துவிடும் நோயாளர் உண்டு. அவரைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவைச் சிறப்பு வகையாகக் கொள்கிறது. ஆனால் சட்டம் ஏட்டில் இருக்க, டயக்னோசிஸ் காட்டைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, விளக்கம் கேட்பதற்காக இலவச உரையாடல் செயலியில் போடும் பழக்கம் உத்தியோகத்தரிடையேயும் பரவி வருகிறது. அந்தப் படத்தில் பெயரும் இலக்கமும் சேர்ந்தே போகின்றன. யார் எந்தக் கோவையைத் திறந்தார் என்ற பதிவு தானாக விழ வேண்டும். அதைக் கேட்டுப் பார்க்கும் உரிமை நோயாளருக்கும் இருக்க வேண்டும்.

கணினி வந்துவிட்டதென்று கொப்பியை வாங்கி வைத்துக்கொள்ளும் அவசரமும் வேண்டாம். மின்சாரம் நின்ற நேரத்தில் உட்பிரதேச வைத்தியசாலைக்கு வரும் நோயாளரின் கையில் இருப்பது அது ஒன்றுதான். அன்று யோகேஸ்வரியம்மாவின் தாள்களை ஒன்றுசேர்க்க எனக்குக் கால் மணித்தியாலம் ஆனது. அதிலும் ஆய்வுகூட அறிக்கை ஒன்று மட்டும் எதனோடும் ஒட்டவில்லை. மீண்டும் கேட்டபோது அதை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தவர், “இது தங்கச்சியின்ர” என்று மடித்துப் பைக்குள் வைத்தார்.